விஎம்மை உறைய வைப்பதா, பில்டைத் திருத்துவதா? நான்கு வழிகளின் ஒப்பீடு

இரண்டு ஜிப் கோப்புகள். ஒரே கமிட் (அதாவது சோர்ஸின் அதே நிலை), ஒரே பில்ட் ஸ்கிரிப்ட். சோர்ஸிலிருந்து ஓடும் கோப்பைக் கட்டுவதுதான் பில்ட், யார் கட்டினாலும் அதே கோப்பு வரவேண்டும் என்பதுதான் எங்கள் குறிக்கோள். ஒன்றை என் லேப்டாப்பில் ஒரு விஎம்மில் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி), கேவிஎம் என்ற மென்பொருள் ஓட்டும் டெபியன் லினக்ஸில் கட்டினேன். இன்னொன்றை கிளவுடில் வாடகைக்கு எடுத்த விஎம்மில் கட்டினேன். கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 ஹேஷ் ஒத்துப்போகவில்லை. கோப்புகளின் நேரத்தையெல்லாம் கமிட் நேரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் ஜிப் செய்திருந்தோம், அதனால் நேரம் காரணமாக இருக்காது என்று நினைத்திருந்தேன். கோப்புகளின் வித்தியாசத்தைக் காட்டும் டிஃபோஸ்கோப்பில் இரண்டையும் போட்டுப் பார்த்தால், உள்ளே இருந்த ஒவ்வொரு கோப்பின் நேரமும் சரியாக 5 மணி 30 நிமிடம் தள்ளி நின்றது. அந்த எண்ணைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. லேப்டாப் விஎம் இந்திய நேரத்தில் இருக்கிறது, கிளவுட் விஎம் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. ஜிப் தன் அடிப்படை நேரப் புலத்தில் உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதி வைக்கும். அது எந்த ஊர் நேரம் என்று குறிக்க அந்தப் புலத்தில் இடம் கிடையாது.

நேர மண்டலத்தைச் சரிசெய்தோம். அப்புறமும் ஹேஷ் ஒத்துவரவில்லை. இந்த முறை வித்தியாசம் ஒரு ஸ்டாடிக் லைப்ரரிக்குள் ஆப்ஜெக்ட் கோப்புகள் (கம்பைல் ஆன துண்டுகள்) அடுக்கியிருந்த வரிசையில். எங்கள் மேக்ஃபைல் (குனூ மேக் என்ற பில்ட் கருவிக்கான கட்டளைக் கோப்பு) ஒரு கோப்புறையில் உள்ள எல்லா சி கோப்புகளையும் நட்சத்திரக் குறி போட்டு அள்ளிக்கொண்டிருந்தது. இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, கோப்புறைக்குள் இருப்பவற்றைப் பெயர் வரிசையில் தருவதில்லை. ஒவ்வொரு வட்டையும் ஃபார்மட் செய்யும்போது ஒரு தற்செயலான விதை எண் அதில் பதியப்படும், அதை வைத்துப் பெயர்களை ஹேஷ் செய்து அந்த வரிசையில்தான் தரும். ஆகவே இரண்டு விஎம்களின் வட்டுகளில் ஒரே கோப்புகள் வேறு வேறு வரிசையில் வரும். குனூ மேக் 3.82 பதிப்பு இப்படி அள்ளியதை வரிசைப்படுத்துவதை நிறுத்தியது. 2020-இல் வந்த 4.3 பதிப்புதான் மறுபடி வரிசைப்படுத்த ஆரம்பித்தது. எங்கள் ஒரு விஎம்மில் இருந்தது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பதிப்பு.

மூன்றாவதுதான் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது. லேப்டாப் விஎம்முக்கு ஹோஸ்ட்டின், அதாவது விஎம்மைத் தாங்கும் கணினியின், சிபியு அப்படியே தெரியும்படி அமைத்திருந்தேன். நாங்கள் சார்ந்திருந்த ஒரு லைப்ரரி, பில்டின்போது சிபியுவைத் தட்டிப் பார்த்து, பழைய சிபியுக்களில் இல்லாத ஏவிஎக்ஸ்2 கட்டளைத் தொகுப்பு இருக்கிறது என்று கண்டு, அதற்கேற்ற கட்டளைகளை எழுதிவிட்டது. இன்னொரு விஎம்மின் சிபியு மாதிரியில் அந்த வசதி காட்டப்படவில்லை. என் லேப்டாப்பில் கட்டியது வெளியே போயிருந்தால், பழைய கணினி வைத்திருக்கும் பயனர் ஒருவருக்கு நிரல் திறந்ததும் செத்திருக்கும். நாங்கள் எத்தனை நாள் தேடினாலும் எங்கள் கணினிகளில் அந்தப் பிழை வந்திருக்காது.

இதற்குப் பிறகுதான் எங்கள் குழுவில் கேள்வி நேராக எழுந்தது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றுக்கும் சி++ மென்பொருள் வெளியிடும் ஒரு சின்னக் குழு, யார் எந்த விஎம்மில் கட்டினாலும் பைட் மாறாமல் அச்சு அசலாக அதே கோப்பு வரவேண்டுமென்றால், எந்த வழியில் போவது? நான்கு வழிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம்.

ஒப்பிடும் முன்பு, இது எதற்கு என்பதில் தெளிவு வேண்டும். 2020-இல் வெளிச்சத்துக்கு வந்த சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் மீதான தாக்குதலில் சோர்ஸ் ரெப்போவில் (சோர்ஸ் வைத்திருக்கும் களஞ்சியம்) யாரும் கை வைக்கவில்லை. பில்ட் கணினியில் ஒளிந்திருந்த நிரல், கம்பைல் ஆகும் அந்தத் தருணத்தில் மட்டும் ஒரு சோர்ஸ் கோப்பை மாற்றி வைத்துவிட்டு, முடிந்ததும் பழையதைத் திரும்ப வைத்தது. ரெப்போவை எத்தனை பேர் படித்தாலும் இது கண்ணில் படாது. வேறொருவர், வேறொரு கணினியில், அதே சோர்ஸிலிருந்து கட்டிப் பார்த்து, ஹேஷ் வேறாக இருப்பதைக் கண்டால்தான் பிடிபடும். 2024 மார்ச்சில் அகப்பட்ட, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் கதை கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே பின்கதவைத் திறந்துவிடும் வரிகள் கிட் ரெப்போவில் இல்லாமல், வெளியீட்டு டார் கோப்பில் மட்டும் இருந்தன. அந்த டார் கோப்பையே எடுத்து எல்லோரும் கட்டியிருந்தால் எல்லோருக்கும் ஒரே ஹேஷ்தான் வந்திருக்கும். ஆகவே ஒரே ஹேஷ் வருவது மட்டும் போதாது. எதிலிருந்து கட்டினோம், கட்டியவர்கள் உண்மையிலேயே தனித்தனியாகத்தான் கட்டினார்களா என்பதும் முக்கியம். கீழே நான் சொல்லும் தீர்ப்புகள் எல்லாம் இந்த அளவுகோலை வைத்துத்தான்.

விஎம்மையே உறைய வைப்பது

முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி இதுதான். ஒரு விஎம்மில் கம்பைலர், லைப்ரரி எல்லாம் நிறுவி, ஒழுங்காக வேலை செய்கிறது என்று பார்த்து, வட்டுப் படிமத்தை அப்படியே சேமித்து, எல்லோருக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுவது. ஒரே நாளில் முடிந்துவிடும். யாரும் புதிதாக எதுவும் கற்க வேண்டாம். நேர மண்டலம், பில்ட் பாதை, பயனர் பெயர், கணினிப் பெயர், குனூ மேக் பதிப்பு, வட்டின் விதை எண் எல்லாமே ஒன்றாகிவிடும். நான் மேலே சொன்ன மூன்று தொல்லைகளில் இரண்டு அன்றைக்கே மறைந்துபோகும்.

மூன்றாவது மறையாது. சிபியு என்பது படிமத்துக்குள் இல்லை, அது ஹோஸ்ட்டிலிருந்து வருவது. கோர் எண்ணிக்கையும் அப்படித்தான். எக்ஸ்இசட்டின் பழைய பதிப்புகளில் எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனையையும் பயன்படுத்து என்று சொன்னால், 1 கோர் கொடுத்த விஎம்மில் ஒரு விதமாகவும் 4 கோர் கொடுத்த விஎம்மில் வேறு விதமாகவும் சுருக்கும். விரித்தால் உள்ளே இருப்பது ஒன்றுதான், ஆனால் ஹேஷ் வேறு. அப்புறம், ஆப்பிள் சிப் உள்ள மேக் வைத்திருப்பவருக்கு எக்ஸ்86 (இன்டெல் வகை சிபியு) படிமத்தை முழு எமுலேஷனில்தான், அதாவது அந்த சிபியுவை மென்பொருளால் போலச் செய்துதான், ஓட்ட முடியும். எங்களில் ஒருவர் அப்படி ஓட்டிப் பார்த்தார். பத்து நிமிட பில்ட் மதியச் சாப்பாட்டையும் தாண்டிப் போனது.

உறைய வைத்தது கெட்டுப்போகவும் செய்யும். 2021 செப்டம்பர் 30 அன்று இணையதளங்களுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் தரும் சான்றிதழ்கள் நம்பியிருந்த பழைய ரூட் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. பாதுகாப்பான இணைப்புக்கான லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பழைய பதிப்பை வைத்திருந்த உறைந்த படிமங்கள் பல, நேற்று வரை இணைந்த சர்வர்களோடு அன்று முதல் இணைய மறுத்தன. படிமத்துக்குள் ஒரு பைட்கூட மாறவில்லை, வெளியே நாள்காட்டி மாறியது, அவ்வளவுதான்.

ஆனால் நான் இந்த வழியை ஏற்காததற்குப் பெரிய காரணம் வேறு. எல்லோரும் ஒரே படிமத்தின் நகலில் கட்டினால், எல்லோருக்கும் ஒரே ஹேஷ் வருவதில் என்ன நிரூபணம் இருக்கிறது? அந்தப் படிமத்துக்குள் இருக்கும் கம்பைலர் கெட்டிருந்தால், பத்துப் பேர் கட்டினாலும் பத்துப் பேருக்கும் அதே கெட்ட கோப்புதான் வரும். கம்பைலரே நம்மை ஏமாற்றலாம், சோர்ஸைப் படித்து அதைக் கண்டுபிடிக்க முடியாது என்று, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் தன் டூரிங் விருது உரையில் 1984-இலேயே காட்டிவிட்டார். படிமத்தை யார், எப்போது, எதை வைத்து உருவாக்கினார் என்பதற்கு அந்தப் பல ஜிபி கோப்பு எந்தப் பதிலும் சொல்லாது.

செய்முறையை எழுதி வைத்து விஎம்மைத் தேவைப்படும்போது உருவாக்குவது

அடுத்தது வேக்ரன்ட், பேக்கர் போன்ற கருவிகள். படிமத்தைப் பகிர்வதற்குப் பதிலாக, அதை உருவாக்கும் செய்முறையை ஒரு கோப்பில் எழுதி ரெப்போவில் வைப்பது. விர்ச்சுவல்பாக்ஸில் வேண்டுமா, கேவிஎம்மில் வேண்டுமா, விஎம்வேரில் வேண்டுமா, அவரவர் வசதி. உள்ளே என்ன இருக்கிறது என்பது எழுத்தில் இருப்பதால் யாரும் படித்துப் பார்க்கலாம். முதல் வழியைவிட இது நேர்மையானது. 2023 ஆகஸ்டில், இவற்றை வெளியிடும் ஹாஷிகார்ப் தன் கருவிகளின் உரிமத்தைக் கட்டற்ற உரிமத்திலிருந்து வணிகக் கட்டுப்பாடுள்ள உரிமத்துக்கு மாற்றியதில் வேக்ரன்ட்டும் பேக்கரும் அடக்கம். உள் பயன்பாட்டுக்கு அது பெரும்பாலும் தடையாக இருக்காது. ஆனாலும் கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் இருப்பவர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டிய விஷயம்.

இந்த வழியின் ஓட்டை, செய்முறையின் முதல் வரியிலேயே இருக்கிறது. ஆப்ட் (டெபியனின் பொதி நிறுவும் கருவி) பட்டியலைப் புதுப்பி, கம்பைலரை நிறுவு என்று எழுதுகிறோம். இன்று நிறுவினால் ஒரு பதிப்பு வரும், மூன்று மாதம் கழித்து நிறுவினால் பாதுகாப்புத் திருத்தம் சேர்ந்த இன்னொரு பதிப்பு வரும். செய்முறை மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. சில சமயம் பொருளே கிடைக்காமல் போகும். சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸுக்கான ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்தது. அதற்கு அப்புறம் வழக்கமான களஞ்சிய முகவரிகள் செயலிழந்தன, எல்லாம் பழையவை கிடக்கும் வால்ட் சர்வருக்குப் போய்விட்டது. லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.17 வேண்டும் என்பதற்காகவே, அதாவது பழைய லினக்ஸிலும் ஓடவேண்டும் என்பதற்காகவே, அதில் கட்டிக்கொண்டிருந்த பல செய்முறைகள் ஒரே வாரத்தில் விழுந்தன.

பிட்காயினின் முதன்மை மென்பொருளான பிட்காயின் கோர் திட்டம் 2011 முதல் பல வருடங்கள் நடந்த பாதை ஏறத்தாழ இதுதான். கிட்டியன் என்ற கருவி, ஒரு உபுண்டு விஎம்மையோ கன்டெய்னரையோ (தனித்த கூண்டு போன்ற இலகுவான இயங்கு சூழல்) எழுப்பி, எழுதிய செய்முறைப்படி உள்ளே கட்டி, ஹேஷைக் கொடுக்கும். கட்டியவர்கள் அதில் பிஜிபி என்ற டிஜிட்டல் கையொப்பம் போட்டுப் பொதுவில் வைப்பார்கள். டோர் பிரவுசரும் 2013-இல் இதே கருவியோடுதான் தொடங்கியது. மூன்று இயங்குதளத்துக்கான கோப்புகளையும் லினக்ஸுக்குள்ளிருந்தே கட்டி, பலர் சரிபார்க்கலாம் என்று செய்து காட்டிய முன்னோடி வேலை அது. அதன் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் கம்பைலருக்கு உபுண்டு களஞ்சியத்தையே நம்பியிருந்ததால், உபுண்டு ஒரு பொதியைப் புதுப்பித்தால் பழைய வெளியீட்டைத் திரும்பக் கட்டுவது சிக்கலானது. இரண்டு திட்டங்களுமே பின்னர் கிட்டியனை விட்டு விலகின.

விஎம்முக்குள் கன்டெய்னர்

நாங்கள் கடைசியில் போய் உட்கார்ந்த இடம் இது. விஎம் யாருடையதாக இருந்தாலும் சரி, அதற்குள் ஒரு கன்டெய்னர், அந்த கன்டெய்னருக்குள் மட்டும் பில்ட். கன்டெய்னரை ஓட்ட அவரவர் டாக்கரோ பாட்மேனோ எது வைத்திருந்தாலும் ஓடும். ஆனால் சாதாரணமாக டாக்கர்ஃபைல் எழுதிவிட்டால் கிடைப்பது மேலே சொன்ன இரண்டாம் வழியின் வேகமான வடிவம் மட்டுமே. மூன்று விஷயங்களை இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது.

ஒன்று, அடிப்படைப் படிமத்தை டேக் வைத்துக் கூப்பிடாமல் ஷா-256 டைஜஸ்ட் வைத்துக் கூப்பிடுவது. டேக் என்பது ஒட்டிய சீட்டு மாதிரி, நாளைக்கு வேறு படிமத்தில் ஒட்டலாம். டைஜஸ்ட் என்பது உள்ளடக்கத்தின் ஹேஷ். இதில் ஒரு நுணுக்கம் எங்களை இரண்டு நாள் அலைக்கழித்தது. பல சிபியு கட்டமைப்புகளுக்கான படிமத்தில் மேலே ஒரு அட்டவணை இருக்கும், அந்த அட்டவணைக்கும் ஒரு டைஜஸ்ட் உண்டு. நாங்கள் அதைத்தான் எழுதி வைத்திருந்தோம். எக்ஸ்86 விஎம்மில் அது எக்ஸ்86 படிமத்தையும், மேக்கில் ஓடும் லினக்ஸ் விஎம்மில் ஆர்ம் படிமத்தையும் எடுத்துக்கொண்டது. ஒரே டைஜஸ்ட், இரண்டு கம்பைலர். எந்தக் கட்டமைப்பு என்பதையும் சேர்த்து எழுதிய பிறகுதான் அடங்கியது.

இரண்டு, பொதிகளை இன்றைய களஞ்சியத்திலிருந்து எடுக்காமல் ஸ்னாப்ஷாட் டெபியன் சர்வரில் ஒரு குறிப்பிட்ட தேதி, நேரத்திலிருந்து எடுப்பது. டெபியன் களஞ்சியம் 2005 முதல் ஒவ்வொரு நாளும் எப்படி இருந்தது என்பதை அங்கே வைத்திருக்கிறார்கள். இதை நடத்துகிறவர்களுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். பழைய தேதியைக் கேட்டால் ஆப்ட், இந்தப் பட்டியல் காலாவதியாகிவிட்டது என்று மறுக்கும். அந்தக் காலாவதிச் சோதனையை மட்டும் அணைக்க வேண்டும். கையொப்பச் சோதனையை அணைத்துவிடக் கூடாது. அவசரத்தில் இரண்டையும் சேர்த்து அணைத்த டாக்கர்ஃபைல்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது கன்டெய்னரைச் சார்ந்ததே இல்லை, பில்டையே திருத்துவது. சோர்ஸ் டேட் எபாக் என்ற சூழல் மாறியில் கமிட் நேரத்தைப் போட்டால், ஜிசிசி 7 முதல் கம்பைலர் இன்றைய தேதிக்குப் பதில் அந்தத் தேதியைக் கோப்பில் எழுதும். ஜிசிசி 8 முதல், பில்ட் பாதையை வேறொரு பெயராக மாற்றி எழுதச் சொல்லும் சுவிட்ச் உண்டு. அதனால் உங்கள் ஹோம் கோப்புறையின் பெயர் பிழை தேட உதவும் டீபக் தகவலுக்குள் போகாது. டார் செய்யும்போது பெயர் வரிசை, ஒரே நேரம், உரிமையாளர் எண் பூஜ்யம். ஜிப் செய்யும்போது நேர மண்டலம் யுடிசி. சிபியுவைத் தட்டிப் பார்க்கும் லைப்ரரியிடம், பார்க்காதே, அடிப்படை எக்ஸ்86-64 போதும் என்று சொல்வது. மேக்ஃபைலில் அள்ளிய பட்டியலை நாமே வரிசைப்படுத்திவிடுவது.

கன்டெய்னரின் பலவீனம், அது ஹோஸ்ட்டின் கெர்னலையே (இயங்குதளத்தின் மையப் பகுதி) பயன்படுத்துவது. கெர்னல் பதிப்பைக் கேட்டு அதை நிரலுக்குள் எழுதி வைக்கும் பில்ட் ஸ்கிரிப்ட் இருந்தால், கன்டெய்னர் ஒன்றாக இருந்தும் வெளியீடு விஎம்முக்கு விஎம் மாறும். சிபியுவும் அப்படியே தெரியும். ஆகவே கன்டெய்னர் கசிவை முழுக்க அடைக்காது, பெரும்பகுதியை அடைத்துவிட்டு மிச்சத்தை நம் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும்.

நிக்ஸ், கீக்ஸ்

பொதிகளைக் கட்டி நிறுவும் இந்த இரண்டு கருவிகளும் வேறு தளத்தில் யோசிப்பவை. 2003 வாக்கில் எல்கோ டோல்ஸ்ட்ரா தொடங்கிய நிக்ஸில், ஒவ்வொரு பொதியும் தன் சோர்ஸ், கம்பைலர், சார்ந்த லைப்ரரிகள், பில்ட் கட்டளைகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு ஹேஷைப் பெயரில் சுமந்தபடி, தனிக் கோப்புறையில் போய் உட்காரும். அதில் எது மாறினாலும் பெயரே மாறிவிடும். பில்ட் நடக்கும் கூண்டுக்குள் நெட்வொர்க் கிடையாது, சொல்லாத லைப்ரரி எதுவும் கண்ணில் படாது. 2012-இல் லூடோவிக் கூர்டெஸ் தொடங்கிய கீக்ஸ் இதே எண்ணத்தை ஸ்கீம் மொழியில் கொண்டுவந்தது. டைம் மெஷின் என்ற கட்டளை கொடுத்தால், இரண்டு வருடத்துக்கு முந்தைய கமிட்டில் களஞ்சியம் எப்படி இருந்ததோ அந்த நிலைக்கே போய்க் கட்டிக் கொடுக்கும். சென்ட்ஓஎஸ் செய்முறைகள் விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். நிக்ஸில் கட்டினால் பைட் மாறாமல் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நீளமான ஹேஷ் உள்ளே போன பொருட்களின் ஹேஷ், வெளியே வந்த கோப்பின் ஹேஷ் இல்லை. உங்கள் நிரல் தற்செயல் எண் ஒன்றை உள்ளே எழுதினால் நிக்ஸிலும் அது எழுதத்தான் செய்யும். இரண்டாம் முறை கட்டி ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி நிக்ஸிலும் உண்டு, கீக்ஸிலும் உண்டு. அதைக் கட்டாயம் ஓட்ட வேண்டும்.

பிட்காயின் கோர் 2021-இல் 22.0 வெளியீட்டோடு கிட்டியனிலிருந்து கீக்ஸுக்கு மாறியது. காரணம் நான் முதலில் கேட்ட அதே கேள்விதான்: கம்பைலரை யார் கட்டினார்? உபுண்டுவின் கம்பைலர் பைனரியை நம்புவதற்குப் பதிலாக, கம்பைலரையும் சோர்ஸிலிருந்து கட்ட வேண்டும், அதைக் கட்டிய கம்பைலரையும் கட்ட வேண்டும் என்று கீழே கீழே போவது. 2023-இல் கீக்ஸ் வெறும் 357 பைட் விதையிலிருந்து தன் பொதிகளுக்கு வேரிலிருந்து எழும் சங்கிலியை முடித்தது. 357 பைட்டை ஒருவர் உட்கார்ந்து கையாலேயே படித்துச் சரிபார்க்கலாம். இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை.

அப்படியானால் நாங்கள் ஏன் கீக்ஸுக்குப் போகவில்லை? இரண்டு காரணம். கற்கும் செலவு உண்மையில் பெரியது. எங்கள் பில்டை அதில் எழுத ஒருவர் மூன்று வாரம் போராடினார், அவர் விடுப்பில் இருந்த வாரத்தில் பில்ட் உடைந்தது, மற்ற யாருக்கும் திருத்தத் தெரியவில்லை. இரண்டாவது, நிக்ஸிலோ கீக்ஸிலோ சும்மா கட்டிய லினக்ஸ் நிரல், தன் ஜிலிப்சியை அந்த ஸ்டோர் கோப்புறையிலேயே தேடும். அதை அப்படியே எடுத்து ஒரு உபுண்டு பயனருக்குக் கொடுத்தால் ஓடாது. பிட்காயின் கோர் பழைய ஜிலிப்சியோடு தனியாக ஒரு கருவித் தொகுப்பையே கட்டி இதைத் தீர்த்தது. அந்த உழைப்பு எங்கள் மூன்று பேருக்கு மிஞ்சியது. பயனர்களின் பணமோ உயிரோ உங்கள் கோப்பை நம்பியிருக்கிறது என்றால் என் பரிந்துரை கீக்ஸ்தான், அந்த உழைப்பைப் போட்டே ஆக வேண்டும்.

உங்கள் மொழி கோ என்றால், சி நிரலை இணைக்கும் சிகோ வசதியைப் பயன்படுத்தவில்லை என்றால், இந்தக் கவலை பெரும்பாலும் உங்களுக்கு இல்லை. 2023 ஆகஸ்டில் வந்த 1.21 முதல், கோ கருவித் தொகுப்பை எந்த இயங்குதளத்தில் கட்டினாலும் அதே பைட்டுகள் வரும்படி செய்துவிட்டார்கள். பாதைகளை வெட்டும் சுவிட்சைப் போட்டு மேலே போகலாம்.

விண்டோஸும் மேக்கும்

நான்கு வழிகளும் ஒன்றாகத் தடுமாறும் இடம் இது. விண்டோஸ் கோப்பை லினக்ஸிலிருந்தே மின்ஜிடபிள்யூ கம்பைலர் வைத்துக் கட்ட முடிந்தால் அப்படியே செய்யுங்கள். விண்டோஸ் விஎம் தேவையே இல்லை, கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கரிடம் தலைப்பில் நேரத்தை எழுதாதே என்று சொன்னால் போதும். டோரும் பிட்காயின் கோரும் விண்டோஸுக்கு லினக்ஸில்தான் கட்டுகின்றன. மைக்ரோசாஃப்டின் கம்பைலரே வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், அங்கே மட்டும் நான் முதல் வழியை ஏற்கிறேன்: உறைய வைத்த விஎம். பில்ட் டூல்ஸை ஆஃப்லைன் தொகுப்பாக இறக்கி, அதன் ஹேஷை எழுதி வைத்து, அதிலிருந்து நிறுவுங்கள். நேரத்துக்குப் பதிலாக உள்ளடக்கத்தின் ஹேஷை எழுதச் சொல்லும் பிரெப்ரோ சுவிட்சை லிங்கரில் போடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் என்டர்பிரைஸ் சோதனைப் பதிப்பை இதற்கு நம்ப வேண்டாம், 90 நாளில் முடிந்துவிடும்.

மேக்கில் உரிமம்தான் சிக்கல். மேக்ஓஎஸ் விஎம்மை ஆப்பிள் கணினியில்தான் ஓட்டலாம், அதிலும் ஒரே நேரத்தில் இரண்டுதான். லினக்ஸிலிருந்து மேக்குக்குக் கட்டலாம், ஆனால் ஆப்பிளின் எஸ்டிகேயை (மேக்குக்குக் கட்டத் தேவையான கோப்புத் தொகுப்பு) நீங்கள் மற்றவருக்கு விநியோகிக்க முடியாது. சரிபார்க்க வருகிறவர் அவரே ஆப்பிளின் எக்ஸ்கோடு மென்பொருளை இறக்கி எஸ்டிகேயைப் பிரித்தெடுத்துக்கொள்ள வேண்டும்.

கையொப்பம் இரண்டுக்கும் பொதுவான தொல்லை. கையொப்பத்துக்குள் நேரமுத்திரை இருக்கும், சாவி ஒருவரிடம்தான் இருக்கும். ஆகவே கையொப்பமிட்ட கோப்பை இன்னொருவர் தானாகக் கட்டி எடுக்கவே முடியாது. கையொப்பம் இடாத கோப்பின் ஹேஷை எல்லோரும் ஒப்பிட வேண்டும். கையொப்பத்தைத் தனியே பிரித்து ரெப்போவில் வைத்துவிட்டால், யாரும் தாங்கள் கட்டிய கோப்பில் அதை ஒட்டி, வெளியான கோப்போடு ஒப்பிடலாம். விண்டோஸ் கோப்புகளுக்கு ஓஎஸ்எஸ்எல்-சைன்கோடு என்ற கருவி இதைச் செய்யும்.

எங்கள் முடிவும், அதைச் சோதிக்கும் விதமும்

லினக்ஸ், விண்டோஸ் இரண்டுக்கும் டைஜஸ்ட் இறுக்கிய கன்டெய்னர், ஸ்னாப்ஷாட் களஞ்சியம், லினக்ஸிலிருந்தே குறுக்குக் கம்பைல். விஎம் எதுவாகவும் இருக்கலாம். சொல்லப்போனால், எதுவாகவும் இருக்க வேண்டும் என்பதில் நாங்கள் இப்போது பிடிவாதமாக இருக்கிறோம். ஆரம்பத்தில் இரண்டு விஎம்களையும் ஒன்றுபோல ஆக்கத்தான் மெனக்கெட்டோம். அது தப்பு என்று மூன்றாவது பிழை எங்களுக்குக் காட்டியது. இரண்டும் ஒன்றுபோல இருந்திருந்தால் ஏவிஎக்ஸ்2 பிழை வெளிவந்தே இருக்காது.

டெபியனின் சோதனைச் சர்வர்கள் ஒவ்வொரு பொதியையும் வேண்டுமென்றே மாறுபட்ட இரண்டு சூழலில் கட்டிப் பார்க்கின்றன. ஒன்றில் நேர மண்டலம் யுடிசிக்கு 12 மணி நேரம் பின்னால், இன்னொன்றில் 14 மணி நேரம் முன்னால். இடைவெளி 26 மணி நேரம் என்பதால், ஒரே நொடியில் கட்டினாலும் இரண்டிலும் தேதி வேறாகத்தான் இருக்கும். கடிகாரத்தை ஒரு வருடத்துக்கும் மேலாக முன்னே தள்ளிவிடுவார்கள். கணினிப் பெயர், மொழி அமைப்பு, கோர் எண்ணிக்கை, கெர்னல் எல்லாம் வேறு. இத்தனைக்கும் அசையாத பொதிதான் தேறும்.

நாங்கள் அதைச் சின்ன அளவில் செய்கிறோம். முதல் விஎம் கேவிஎம், 4 கோர், ஹோஸ்ட் சிபியு, இந்திய நேரம், இஎக்ஸ்டி4. இரண்டாவது கிளவுட் விஎம், 1 கோர், அடிப்படை சிபியு மாதிரி, யுடிசி+14, எக்ஸ்எஃப்எஸ், மொழி அமைப்பு துருக்கி. துருக்கியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்த மொழியில் பெரிய ஐ எழுத்தைச் சின்னதாக்கினால் புள்ளியில்லாத ஐ வரும், எழுத்தளவு மாற்றிப் பெயர்களை ஒப்பிடும் ஸ்கிரிப்ட்கள் அங்கே உடனே உளறிவிடும். ஒவ்வொரு வெளியீட்டு டேகுக்கும் இரண்டிலும் கட்டி, ஹேஷ் ஒத்தால்தான் பதிவேற்றம். ஒத்துவராவிட்டால் டிஃபோஸ்கோப் அறிக்கை வெளியீட்டைக் கட்டிய இருவருக்கும் போகும். யார் தப்பு என்று தேடுவதில்லை, எந்த பைட் என்று தேடுகிறோம்.

முதல் விஎம் என்னுடையது, இரண்டாவது குழுவில் இன்னொருவருடையது. அவருடைய விஎம்முக்குள் போக என்னிடம் கடவுச்சொல் இல்லை, என்னுடையதற்கு அவரிடம் இல்லை. இதைக் கடைசியாகத்தான் சேர்த்தோம், முதலிலேயே சேர்த்திருக்க வேண்டும்.

மேக் கோப்பு மட்டும் இன்னும் ஒரே மேக்கில், ஒருவர் கையால் கட்டப்படுகிறது. எஸ்டிகேயை இரண்டாவது நபரும் தனியாகப் பிரித்தெடுத்து லினக்ஸில் கட்டும் வேலை பாதியில் நிற்கிறது. இப்போதைக்கு கடைசி இரண்டு கிலோபைட் அளவுக்கு வித்தியாசம் வருகிறது. பதிவிறக்கப் பக்கத்தில் லினக்ஸ், விண்டோஸ் கோப்புகளுக்கு எதிரே இருவர் கையொப்பமிட்ட ஹேஷ் இருக்கிறது. மேக் கோப்புக்கு எதிரே "ஒருவர் மட்டுமே கட்டியது" என்று எழுதி வைத்திருக்கிறோம்.